சர் வில்லியம் ஆஸ்லர்

மருத்துவ நூல் கற்போருள் சர் வில்லியம் ஆஸ்லரின் பெயரை அறியாதார் இலர். ஆயினும், தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் அவர்தம் வரலாற்றை எழுதப் புகுந்தது யாது கருதி என அன்பர் சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. அப்பெரியார் மருத்துவராய் வாழ்ந்தும் பழைய இலக்கியங்களைத் தம் உயிரெனப் பேணியவர் என்பது ஒன்று. மற்றொன்று எம் இல்லத்து நிகழ்ச்சி. சென்ற ஆண்டு என் பாட்டியார் திடீரென உணவை வெறுத்தார்; எம் பெயர்களை மாற்றி மாற்றி அழைத்தார். உடம்பு சுடவில்லை, இருமலும் இல்லை. முதுமையின் தளர்ச்சி என்று நாங்கள் இருநாள் வாளா இருந்தோம். மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவர்தம் குருதியைச் சோதித்த மருத்துவர், நுரையீரலிற் பற்றிய நோய் உடலெங்கும் நஞ்சாய்ப் பரவத் தொடங்கிவிட்டது என்றார். உடம்பு மறைத்ததைக் குருதி உரைத்தது. அவ்வாறு குருதியை உசாவும் கலை எங்ஙனம் தோன்றியது என்று தேடப் புகுந்தபோதே ஆஸ்லரின் வாழ்க்கை என் கண்ணிற் பட்டது.

கானடா நாட்டில் ஒன்றேரியோ மாகாணத்திலுள்ள பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் 1849ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் ஆஸ்லர் பிறந்தார். இவர் தந்தையார் கனம் பெதர்ஸ்டோன் லேக் ஆஸ்லர் ஐயர். இளமையில் கடற்படையில் பணியாற்றிப் பின்னர்க் குருத்துவப் பட்டம் பெற்று, காடடர்ந்த அந்நாட்டிற்குத் திருப்பணி செய்யச் சென்றவர். தாயார் எல்லன். மக்கள் ஒன்பதின்மர் பிறந்த அக்குடும்பத்தில் வில்லியம் எட்டாமவர். சிறுவயதில் இவர் குறும்பிற்கே பெயர்பெற்றவர். பள்ளியொன்றினின்று நீக்கப்பட்டதும் உண்டு. பின்னர் வெஸ்டன் என்னும் ஊரில் ஜான்சன் என்னும் குருவானவர் நிறுவிய பள்ளியிற் சேர்ந்தார். அக்குருவானவர் விடுமுறை நாட்களில் மாணாக்கரை அழைத்துக்கொண்டு குளத்து நீரையும் பாசியையும் திரட்டிவந்து நுண்ணோக்கியிற் காட்டும் வழக்கம் உடையவர். வெறுங்கண்ணுக்குப் புலனாகாத உலகம் ஒன்று உண்டு என்பதை ஆஸ்லர் கண்டது அங்கேதான்.

தந்தையாரைப் போலவே தாமும் குருவாதல் வேண்டும் என்னும் எண்ணத்துடன் 1867ஆம் ஆண்டு டொரண்டோ நகரத்து டிரினிடிக் கல்லூரியிற் புகுந்தார். அங்கே ஜேம்ஸ் போவெல் என்னும் மருத்துவப் பேராசிரியரின் நட்பு வாய்த்தது. ஓராண்டிற்குள் அவர் உள்ளம் மருத்துவத்தின்பாற் சாய்ந்தது. தந்தையார் அதனைத் தடுத்திலர். டொரண்டோவிற் சிலகாலமும் மாண்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையிற் சிலகாலமும் பயின்று 1872ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். மக்கிலில் பால்மர் ஹவார்ட் என்பார் அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தனர். பிற்காலத்தில் தாம் இயற்றிய பெருநூலை ஆஸ்லர் ஜான்சன், போவெல், ஹவார்ட் ஆகிய இம்மூவருக்கே உரிமையாக்கினார். நன்றி மறவாமை அவர்தம் இயல்பு.

பட்டம் பெற்றவுடன் இலண்டன் மாநகர் சென்று, பர்டன் சாண்டர்சன் என்னும் அறிஞரின் ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்தார். அக்காலத்தில் குருதியில் செவ்வணுக்கள், வெள்ளணுக்கள் என்னும் இரண்டையுமே அறிஞர் பெரிதும் எண்ணினர். அவற்றினும் மிகச் சிறிய துகள்கள் சில குருதியில் திரள்திரளாய்க் காணப்படுவதைச் சிலர் கண்டிருந்தனராயினும், அவை யாவை, எங்கிருந்து வந்தவை என்பது தெளிவாகவில்லை. 1873ஆம் ஆண்டில் ஆஸ்லர் அவற்றைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். உடலினுள் ஓடும் குருதிக்குழாயில் அத்துகள்கள் தனித்தனியே மிதந்து செல்லுதலையும், குருதியை வெளியே எடுத்தவிடத்து அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளுதலையும் கண்டு 1874ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று குருதித் தட்டுக்கள் என்று நாம் வழங்குவன இவையே. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்திற்குள்.

பின்னர்ப் பெர்லின், வியன்னா நகரங்களையும் கண்டு 1874ஆம் ஆண்டில் மாண்ட்ரியால் திரும்பி, மக்கிலில் ஆசிரியரானார். அங்கு மருத்துவமனையின் வைசூரிப் பகுதியில் பணியாற்றியதற்குக் கிடைத்த ஊதியத்தைத் தமக்கெனக் கொள்ளாது மாணாக்கருக்கு நுண்ணோக்கிகள் வாங்கச் செலவிட்டார். அவ்வூரில் இருந்த பத்தாண்டுகளுள் எழுநூற்றுக்கு மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளைத் தம் கைப்படவே செய்தார் என்றால் அவர்தம் உழைப்பை என்னென்பது! உயிருடன் இருந்தபோது நோயாளியிடம் தாம் கண்ட குறியையும், இறந்தபின் உள்ளுறுப்பிற் கண்ட மாற்றத்தையும் ஒப்புநோக்கி, எக்குறி மெய்யுரைத்தது, எக்குறி ஏமாற்றியது என்பதைத் தேர்ந்தறிந்தார். இறந்தோரே அவருக்கு ஆசிரியராயினர்.

1884ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. மறு ஆண்டு இலண்டன் மருத்துவர் சங்கத்தில் அவர் நிகழ்த்திய கல்ஸ்டோனியன் சொற்பொழிவுகள் இருதயத்தின் உள்ளுறையைப் பற்றும் கொடிய அழற்சியைப் பற்றியவை. நுண்கிருமிகள் குருதியோட்டத்திற் கலந்து இருதய வாயில்களிற் படிந்து, அங்கிருந்து உடலெங்கும் நஞ்சைப் பரப்பும் நோய் அது. இன்று செப்சிஸ் என்று மருத்துவர் வழங்கும் பெருநோயின் ஒரு முகத்தை அவர் அப்போதே கூர்ந்து நோக்கினார் எனலாம். இந்நோய் நீண்டு நிற்குமிடத்து விரல் நுனிகளில் தோன்றும் நோவுடைய சிறு முடிச்சுக்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

மலேரியாக் கிருமியைப் பற்றிய நிகழ்ச்சியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880ஆம் ஆண்டில் அக்கிருமியைக் குருதியிற் கண்டதாக அறிவித்தபோது ஆஸ்லர் அதனை ஐயுற்றார். ஆயினும் ஐயுற்றதோடு நில்லாமல், 1886ஆம் ஆண்டில் தம் நோயாளிகள் பலருடைய குருதியைத் துளித்துளியாக எடுத்து நோக்கினார். லாவரான் கூறியது மெய்யே எனக் கண்டார். கண்டதை மறைக்காது வெளியிட்டார். தம் கருத்துத் தவறென ஒப்புக்கொள்ளும் துணிவு கற்றோருள்ளும் சிலர்க்கே உண்டு.

பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பெற்றபோது அதன் தலைமை மருத்துவராக ஆஸ்லர் அமர்ந்தார். 1893ஆம் ஆண்டு அதனோடு மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. மாணாக்கர் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து செவியால் மட்டும் மருத்துவம் கற்ற நிலையை அவர் மாற்றினார். ஒவ்வொரு மாணவனுக்கும் சில நோயாளிகளை ஒப்படைத்து, அவர்தம் வரலாற்றைக் கேட்டெழுதவும், குருதியையும் சிறுநீரையும் தானே சோதிக்கவும், அவர்கள் குணமாகி இல்லம் செல்லும்வரை உடனிருக்கவும் செய்தார். படுக்கையருகே மாணாக்கருக்கு மருத்துவம் கற்பித்தவர் என்னும் ஒரு புகழே தமக்குப் போதும் என்று அவர் பின்னர்க் கூறியதுண்டு.

1892ஆம் ஆண்டு அவர் வாழ்வில் சிறந்த ஆண்டு. அவ்வாண்டில் மருத்துவத்தின் கோட்பாடும் செயன்முறையும் பற்றிய அவர்தம் பெருநூல் வெளிவந்தது. கிரேஸ் ரிவியர் என்னும் நற்குண மாதரை மணந்ததும் அவ்வாண்டிலேயே. அந்நூலில் முதியோர்க்கு வரும் நிமோனியாவைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் பொன்போற் போற்றத்தக்கன. முதியோரிடத்து அந்நோய் குளிர்நடுக்கம் இன்றியே மறைந்து வரும். இருமலும் சளியும் சிறிதே இருக்கும். மார்பிற் கேட்கும் குறிகளும் தெளிவாயிரா. உடம்பின் தளர்ச்சியோ அக்குறிகளுக்குச் சிறிதும் பொருந்தாத அளவு மிகும் என்று அவர் விளக்கினார். என் பாட்டியார் படுக்கையிற் கிடந்த நிலை இதுவே அன்றோ! நூறாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டதை அறியாது நாங்கள் இருநாளைக் கழித்தோம்.

முதற் பதிப்பில் நிமோனியாவை முதுமையின் பகை என்று எழுதிய ஆஸ்லர், 1898ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அதனை முதியோரின் நண்பன் என்று மாற்றி எழுதினார். நெடுநாள் நைந்து நலியாமல் சிலநாள் நோயில் அமைதியாகப் பிரியச் செய்கின்றது என்பது அவர் கருத்து. அக்கால நிலையை நோக்க இக்கருத்து வியப்பன்று. அந்நோய்க்கு மருந்து என ஒன்றும் அன்று இல்லை. மருந்தில்லாதவிடத்து உண்டு எனப் பொய்யுரைத்தல் அவருக்கு உடன்பாடன்று. எந்நோயை மருத்துவர் தீர்க்கவல்லார், எதனைத் தீர்க்கமாட்டார் என்பதை ஒளிக்காமல் எழுதினமையால், அவர்க்கு மருந்தில் நம்பிக்கையே இல்லை என்று பழித்தவரும் உளர்.

ஆனால் அந்த ஒளிவின்மையே உலகிற்குப் பெருநன்மையாய் முடிந்தது. செல்வர் ராக்பெல்லருக்கு அறச்செயல்களில் ஆலோசனை கூறிவந்த பிரடெரிக் கேட்ஸ் என்பவர் ஒரு பாப்டிஸ்டுக் குருவானவர். அவர் 1897ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் ஆஸ்லரின் நூலைக் கதை படிப்பார்போல் ஆர்வத்துடன் படித்தார். இத்துணை நோய்களுள் மருத்துவர் உறுதியாகத் தீர்க்கவல்லவை மிகச் சிலவே என அறிந்து திடுக்கிட்டார். நோய்களின் காரணத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் வேண்டுமென ராக்பெல்லருக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1901ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. குருத்துவத்தை விட்டு மருத்துவராகிய ஒருவரின் நூல், ஒரு குருவானவரின் கையிற் கிடைத்து ஆராய்ச்சி நிலையமாய் மலர்ந்தது எண்ணுந்தொறும் இன்பம் பயப்பது.

1905ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் ரீஜியஸ் மருத்துவப் பேராசிரியர் பதவி அவரை அழைத்தது. இலண்டனில் அவருக்கு ஆசிரியராயிருந்த பர்டன் சாண்டர்சன் வீற்றிருந்த இருக்கையே அது. பால்டிமோரை விட்டு நீங்குங்கால், பிப்ரவரி 22ஆம் நாள் அவர் நிகழ்த்திய பிரிவுரை பெருங்குழப்பம் விளைத்தது. உலகத்தின் அருஞ்செயல்கள் பெரும்பாலும் நாற்பது வயதிற்குட்பட்டோராலேயே ஆயின என்றும், அறுபது கடந்தோர் பணியினின்று ஓய்தல் நன்றென்றும் கூறிய அவர், ஓர் ஆங்கில நாவலை நகைச்சுவையாகச் சுட்டி, முதியோரை ஓராண்டு தனித்திருக்கச் செய்து குளோரோபாரம் கொடுத்து அமைதியாக அனுப்பும் திட்டம் ஒன்றையும் குறிப்பிட்டார். மறுநாட் காலை, அறுபது வயதினரைக் கொல்லச் சொன்னார் ஆஸ்லர் எனச் செய்தித்தாள்கள் முழங்கின. அறுபதை எட்டியோர் மனம் நொந்து கடிதங்கள் எழுதினர். சொன்னவர்க்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அவர் கருணையுள்ளம் படைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதுமையை நகைப்பிற்குரியதாக்கும் சொல் கருணையாளர் வாயினின்று வரினும் புண்படுத்தவே செய்யும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ஆக்ஸ்போர்டில் அவர் இல்லம் மாணாக்கர்க்கும் வெளிநாட்டார்க்கும் எந்நேரமும் திறந்திருந்தது. 1911ஆம் ஆண்டில் அரசர் அவருக்குப் பாரனட் பட்டம் அளித்தார். ஏறத்தாழ எண்ணாயிரம் பழைய மருத்துவ நூல்களைத் தேடித் தொகுத்து, அவற்றைத் தம்மை வளர்த்த மக்கில் சர்வகலாசாலைக்கே உரிமை எழுதிவைத்தார். 1919ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுத் தொன்மொழிச் சங்கத்தின் தலைமையுரையை நிகழ்த்தும் பேறு மருத்துவராகிய அவருக்குக் கிட்டியது. பழைய இலக்கியமும் புதிய விஞ்ஞானமும் ஒன்றையொன்று வெறுத்து வாழ்தல் தகாது என அவர் அங்கே வலியுறுத்தினார். நம் கல்லூரியிலும் அவ்விரு திறத்தாரும் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இடையே பெருந்துயர் ஒன்று அவரை வாட்டியது. எஞ்சியிருந்த ஒரே மகன் எட்வர்டு ரிவியர் முதல் உலகப் போரில் பீரங்கிப் படையிற் சேர்ந்து, 1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் பெல்ஜிய நாட்டுப் போர்முனையில் இருபத்தொன்றாம் வயதிற் காயமுற்று மாண்டான். தந்தையின் நண்பராகிய பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் உடனிருந்தும் அவனைக் காக்க இயலவில்லை. அதற்குப்பின் ஆஸ்லர் வெளியே முகமலர்ந்து வாழ்ந்தாரேனும் உள்ளே உடைந்துபோயினார்.

1919ஆம் ஆண்டு ஜூலையில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. செப்டம்பர் இறுதியில் இரயில்வே வேலைநிறுத்தம் நிகழ்ந்தமையால், வடபுலத்தினின்று மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் குளிரிற் பயணம் செய்து இல்லம் திரும்பினார். நெஞ்சுச்சளி பிடித்தது, அது நிமோனியாவாயிற்று, பின்னர் நெஞ்சறையிற் சீழ் கட்டிற்று. தம் நோயின் போக்கைப் பிறர் நோயைக் கவனிப்பார்போற் படுக்கையிலிருந்தே கவனித்து வந்தார். அறுவை செய்து சீழை நீக்கியும் பயனின்றி, டிசம்பர் 29ஆம் நாள் உயிர்நீத்தார். முதியோரின் நண்பன் என்று தாம் எழுதிய அந்நோய் அவரிடத்து விரைந்து முடிக்கும் நண்பனாய் நடந்துகொள்ளவில்லை. மூன்று திங்கள் அவரை வருத்தியே விடுத்தது.

அவர் மறைந்து பதினோராண்டு கழிந்தபின், 1930ஆம் ஆண்டில் ஓர் அருஞ்செயல் நிகழ்ந்தது. அவர் நூலின் பயனாகத் தோன்றிய ராக்பெல்லர் நிலையத்தில், டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதி நீரை ஆராய்ந்தனர். நிமோனியாக் கிருமியினின்று பிரித்தெடுத்த சி என்னும் பொருளோடு அக்குருதி நீர் கலந்தபோது அது திரிந்து படிந்தது. நோய் முற்றியிருந்த காலத்து இவ்வாறு படிந்த குருதி நீர், நோயாளி தேறியபின் படியவில்லை. இதற்குக் காரணமான பொருளே சி-ரியாக்டிவ் புரோட்டீன் எனப் பெயர் பெற்றது. உடலில் அழற்சி தோன்றிய சில மணி நேரத்துள் ஈரல் இதனை மிகுதியாகச் சுரந்து குருதியில் விடுகின்றது. அழற்சி தணிந்தால் ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கொரு முறை பாதியாகக் குறைகின்றது. 1993ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர், கொடிய கிருமித்தொற்றில் புரோகால்சிட்டோனின் என்னும் பொருளும் குருதியில் மிகுதல் கண்டனர். உறுப்புக்கள் போதிய உயிர்வளியின்றித் தவிக்கும்போது லாக்டேட் என்னும் உப்பு மிகுதலும் இன்று அளக்கப்படுகின்றது.

2016ஆம் ஆண்டில் அறிஞர் கூடிச் செப்சிஸ் என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். கிருமித்தொற்றை எதிர்க்கும் உடம்பு வரம்பிழந்து தன் உறுப்புக்களையே கெடுத்து உயிருக்கு இறுதி நேரும் நிலையே அது என்பது அவர் துணிபு. அந்நோயின் கடுமையை அளக்கும் கணக்கில் மூச்சு, இருதயம், ஈரல், சிறுநீரகம், அறிவுத்தெளிவு, குருதி ஆகிய ஆறும் எண்ணப்படும். அவற்றுட் குருதிக்கென எண்ணப்படுவது யாது? குருதித் தட்டுக்களின் தொகையே. 1873ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் நுண்ணோக்கியில் எண்ணி வியந்த அச்சிறு துகள்களே இன்று ஒரு முதியவர் பிழைப்பாரா என்பதை உரைக்கும் சான்றுகளுள் ஒன்றாய் நிற்கின்றன.

எனினும் எண்களும் முதியோரிடத்துச் சிலபோது தடுமாறச் செய்யும். மூட்டுவாதம் முதலிய நாட்பட்ட நோயால் முன்னரே அழற்சிக்குறி மிகுந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்குப் புரோகால்சிட்டோனின் தொற்றின்றியும் உயர்ந்திருக்கும். ஆகலின் ஓர் அளவை மட்டும் கொண்டு தேர்ந்த மருத்துவர் முடிவு செய்யார். இன்றைய அளவை நாளைய அளவோடும் மறுநாளைய அளவோடும் ஒப்புநோக்குவர். குறைந்து வருமாயின் நம்பிக்கை கொள்வர். குறையாது நிற்குமாயின் மருந்தை மாற்றவும் மறைந்த சீழைத் தேடவும் முற்படுவர். அவ்வெண்களோடு நோயாளியின் முகத்தையும், அவர் நோய்க்கு முன் நடந்த நடையையும், பேசிய பேச்சையும் சேர்த்தே எண்ணுவர். படுக்கையருகே நின்று காணும் இக்கல்வி ஆஸ்லர் வகுத்த கல்வியே.

மருந்தில்லாத காலத்தில் முதியோர் சாவை நண்பனெனக் கொள்ளுமாறு ஆஸ்லர் கூறியது ஆறுதற்சொல். மருந்தும் சோதனையும் உள்ள காலத்தில் அதே சொல்லைக் கூறி வாளாவிருத்தல் சோம்பல். எம் இல்லத்திலும் உறவினர் ஒருவர், வயதாயிற்று, நிம்மதியாகப் போகட்டும் என்றார், அவர் கொடியவரல்லர். ஆனால் எவ்வளவு வயதாயிற்று என்பது வேறு, எவ்வளவு நோயுற்றார் என்பது வேறு. முன்னதைக் காலண்டர் சொல்லும். பின்னதைச் சோதித்தே அறிதல் வேண்டும். பெரியோர் உரைத்தவற்றுள் நிலைப்பது இது, அவர் காலத்தோடு கழிவது இது எனப் பகுத்தறிந்து கொள்ளுதலே அவர்க்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை. லாவரானை ஐயுற்றுப் பின் குருதியை நோக்கித் தம் கருத்தை மாற்றிக்கொண்ட ஆஸ்லர் இதனை மறுத்திருக்கமாட்டார்.

என் பாட்டியார் பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து இல்லம் திரும்பினார். இதனை நான் எழுதும்போது திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கின்றார். விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லி என்னை அழைக்கின்றார். பெயரைப் பிழையின்றியே அழைக்கின்றார்.